எதை வைத்து ஒரு சுற்று?

பூமியின் சுழற்சி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எதை வைத்து அளக்கிறோம் என்பதல்லவா முதல் கேள்வி? சூரியனை வைத்தால்தான் 24 மணி நேரம். தொலைதூர விண்மீன்களை வைத்தால் 23 மணி 56 நிமிடம் 4 விநாடி.

அந்த விண்மீன்களும் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. பர்னார்டு விண்மீன் 180 ஆண்டுகளுக்குள் முழுநிலவின் அகலத்துக்கு வானத்தில் இடம்பெயர்ந்துவிடும். அதனால்தான் 1998 முதல் குவாசர்கள், அதாவது மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் பிரகாசமான மையங்கள், அடையாளப் புள்ளிகளாக ஏற்கப்பட்டிருக்கின்றன. பல கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பதால் அவற்றின் நகர்வு நம் கண்ணுக்கே படாது. வெவ்வேறு கண்டங்களிலுள்ள ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே குவாசரின் அலையை அணுக் கடிகார நேரத்துடன் பதிவு செய்கின்றன. அலை ஓரிடத்துக்கு முந்தியும் இன்னோரிடத்துக்குப் பிந்தியும் வந்து சேரும் அந்த இடைவெளியிலிருந்து பூமி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். என்ன அருமையான வேலை! இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

தரையிலும் இதே சிக்கல்தான். லண்டனிலுள்ள கிரீன்விச் வானாய்வகத்தில், பழைய பூஜ்ஜியத் தீர்க்கரேகையைக் குறிக்கும் உலோகக் கோட்டின் மேல் நின்று ஜிபிஎஸ் கருவியைப் பார்த்தால் பூஜ்ஜியம் காட்டாது. இன்றைய பூஜ்ஜியத் தீர்க்கரேகை அங்கிருந்து 102 மீட்டர் கிழக்கே, பூங்காவுக்குள் ஓடுகிறது.