பார்த்ததற்கு 590, சரிசெய்ததற்கு 450

போன ஞாயிறு சாயங்காலம் வரை நன்றாக ஓடிய டிவி. அம்மா சமையலறைக்குப் போய்க் காபி டம்ளரோடு திரும்புவதற்குள் செத்துக் கிடக்கிறது. புகை இல்லை, தீய்ந்த வாடை இல்லை, கரண்ட் போய் வரவும் இல்லை. கீழே அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. ஆறு தரம் சிமிட்டும், கொஞ்சம் நிற்கும், மறுபடி ஆறு தரம். ரிமோட்டை அமுக்கினால் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அந்த ஆறு என்பது சங்கேதம் என்று எனக்குத் தெரியும். உள்ளே எது கெட்டது என்று டிவியே எண்ணிச் சொல்கிறது. யாரிடம் சொல்கிறது என்பதுதான் கேள்வி. கூட வந்த புத்தகத்தில் ஈரத்துணியால் துடைக்காதே, மேலே பூச்சாடி வைக்காதே என்று பக்கம் பக்கமாகப் போடத் தெரிந்தவனுக்கு, ஆறு சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வரி போடக் கை வரவில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்து பார்த்தேன். அதே பிளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகினேன், ஏறுகிறது. ரிமோட்டை செல்போன் கேமரா முன்னால் பிடித்து அமுக்கினேன், நுனியில் ஊதா வெளிச்சம் தெரிகிறது, ஆக ரிமோட்டில் குறையில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிவியின் பட்டனை முப்பது வினாடி அமுக்கிப் பிடித்தேன். திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் மட்டும் போயிருந்தால், இருட்டில் டார்ச் அடித்தால் படம் மங்கலாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் மூஞ்சிதான். பின்னால் அம்மா, “நீதான் எதையோ நோண்டியிருப்ப.”

திங்கட்கிழமை கஸ்டமர் கேர். இதற்கு 1, அதற்கு 2 என்று எல்லாம் அமுக்கி, இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து கேட்கிறார்: “சார், டிவி ஆன்ல இருக்கா சார்?”

ஆனில் இருந்தால் நான் எதற்கம்மா உன்னைக் கூப்பிடப் போகிறேன்?

அப்புறம் நான் செய்த அத்தனையையும் மறுபடி செய்ய வைத்தார். 48 மணி நேரத்தில் ஆள் வரும் என்றார். புதன் போனது, யாரும் வரவில்லை. வியாழக்கிழமை, “நான் 1915-க்குக் கூப்பிட்டு நுகர்வோர் புகார் கொடுத்துக்கொள்கிறேன்” என்றேன். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசலில் பைக் சத்தம்.

வந்த தம்பி டிவியைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடவில்லை. ரிமோட்டை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, “போர்டு போச்சு சார். 7,200 ஆகும். ஸ்பேர் வரப் பத்து நாள். அதுக்கு எக்ஸ்சேஞ்ச்ல புதுசே எடுத்துடலாம் சார்” என்றான். மூன்று வருஷம் முன்பு 32,000 கொடுத்து வாங்கியது. வாரண்டி ஒரே வருஷம்தான், அதைக் கேட்கவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் பில்லை நீட்டினானே! விசிட்டிங் சார்ஜ் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய். எதற்கு? ரிமோட்டை அமுக்கியதற்கு. அதை அம்மா ஐந்து நாளாகச் சும்மாவே செய்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை டிவியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் போட்டு, உறையூரில் ஒரு சந்துக்குள் இருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். (நானே திறந்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டரில், அதாவது கரண்டைத் தேக்கி வைக்கும் பாகத்தில், 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். எனக்கு உயிர் மேல் ஆசை உண்டு.) மூடியைக் கழற்றியதும் அவர் விரலை வைத்த இடத்தில் சுண்டுவிரல் தடிமனில் இரண்டு கெப்பாசிட்டர். பக்கத்தில் இருப்பவை தலை தட்டையாக, காசு மாதிரி இருக்கின்றன. இவை இரண்டும் வெந்த இட்லி மாதிரி உப்பி, உச்சி பிளந்து, பழுப்பாய் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. மேலேயே 105 டிகிரி என்று அச்சடித்திருக்கிறது, அதுதான் அது தாங்கும் சூட்டின் எல்லை. சூட்டுக்கு ஒத்துக்கொள்ளாத பொருளை, சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடான ஹீட் சிங்க்குக்கு ஒட்டினாற்போல் வைத்தால் வேறென்ன ஆகும்? “ரிமோட்லயே ஆஃப் பண்றீங்கல்ல தம்பி, சுவிட்சை அணைக்கிறதில்ல. ராத்திரி பூரா இந்தப் பக்கம் கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும்” என்றார்.

சரி, அது என் தப்பு. ஆனால் பத்துப் பதினைந்து ரூபாய்ச் சாமான் இரண்டு கெட்டதற்கு 32,000 ரூபாய் டிவியைத் தூக்கிப் போடச் சொல்வது யார் தப்பு? 2006 திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி எங்கள் அத்தை வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. கெட்டால் தெருமுனையிலிருந்து ஒருவர் சால்டரிங் அயர்னோடு வருவார், திறப்பார், ஊதுவார், பற்றவைப்பார், டீ குடித்துவிட்டுப் போவார். இன்றைக்குக் கம்பெனிச் சட்டை போட்டு வருகிறவனுக்குத் திறக்கவே உத்தரவில்லை போலிருக்கிறது.

முக்கால் மணி நேரம். 450 ரூபாய். படம் வந்துவிட்டது.

கிளம்பும்போது கேட்டேன், “அண்ணே, அந்த ஆறு தரம் சிமிட்டுச்சே, அதுக்கு என்ன அர்த்தம்?”

“இந்த மாடல்ல ஆறுன்னா பவர் சப்ளையப் பாருன்னு அர்த்தம் தம்பி. ஞாயித்துக்கிழமையில இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.”