மோட்டாருக்குத் தண்ணீர் ஊட்டுகிறேன்

கீழக்கரையில் வீடு கட்டினால் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வது போல மோட்டாருக்கும் வருஷா வருஷம் செய்ய வேண்டியிருக்கிறது. 3 வருஷத்தில் இது இரண்டாவது. நேற்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் உர்ர்ரென்று ஒரு முனகல், அவ்வளவுதான். கழற்றிப் பார்த்தால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் ஓரமெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி விரல் பட்டதும் உதிர்கிறது. வார்ப்பிரும்பு!

கடலோரத்து உப்புத் தண்ணீருக்கு அது ஆகாது என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை எச்.பி.யா, ஒரு எச்.பி.யா என்றுதான் கேட்டார். எவர்சில்வரிலும் 304 என்ற ரகத்தை விட 316 ரகம் தேவலையாம். அதில் மாலிப்டினம் என்ற உலோகம் இருப்பதால் உப்பு அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. இதைச் சொன்னவர் மெக்கானிக், அதுவும் கூலியை வாங்கிப் பையில் போட்ட பிறகு.

குழாயின் அடியில் இருந்து தண்ணீரைத் திரும்ப இறங்காமல் பிடித்து வைக்கும் ஃபுட் வால்வு தனிக் கதை. ஒரு மணல் பருக்கை சிக்கினால் போதும், குழாயில் நிற்கும் தண்ணீர் ராத்திரியோடு கிணற்றுக்கே இறங்கிவிடும். குழாய் காலியானால் மோட்டார் இழுக்காது, நாமே ஊற்றி நிரப்ப வேண்டும். காலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும்போது நான் குடமும் புனலுமாக நிற்கிறேன். தண்ணீர் தரத்தான் உன்னை வாங்கினேன், நீ என்னிடமே கேட்கிறாயே!

அதுவும் எந்தக் குடம்? வண்டிக்காரரிடம் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீர்க் குடம்.