உப்பு, புகையிலை, கொய்னா

இத்தாலியின் பழைய எனாமல் கடைப்பலகைகளைப் பழங்கால விளம்பரங்களோடு சேர்த்து வைத்து விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ‘சாலி எ தபாக்கி’, அதாவது ‘உப்பும் புகையிலையும்’ என்ற எழுத்துகளைத் தாங்கிய அந்தத் தகடுகள் வாடிக்கையாளரைக் கூவி அழைக்க மாட்டப்பட்டவை அல்ல. இந்தக் கடைக்காரர் உரிமம் பெற்றவர், இங்கே கிடைப்பவை அரசைத் தவிர வேறெவரும் விற்க முடியாத சரக்குகள் என்று ஊருக்கு அறிவித்தவை அவை.

1861இல் ஒன்றுபட்ட இத்தாலி, மறு ஆண்டே உப்பையும் புகையிலையையும் அரசின் தனியுரிமையாக்கியது; அவற்றின் விலைக்குள்ளேயே வரியும் அடங்கியிருந்தது. புகையிலை வேண்டாதவர் அந்த வரியிலிருந்து தப்பிக்கலாம். உப்பில்லாமல் எவர் வீட்டில் உலை கொதிக்கும்? சிசிலியும் சார்தீனியாவும் மட்டும் உப்புத் தனியுரிமையிலிருந்து விலக்குப் பெற்றிருந்தன.

சில பலகைகளில் மூன்றாவதாக ஒரு வாசகம் இருக்கும்: ‘கினீனோ தி ஸ்தாதோ’, அரசின் கொய்னா, அதாவது மலேரியா மருந்து. மலேரியா கிராமங்களை வாட்டிக்கொண்டிருந்த நாளில், மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஆஞ்செலோ செல்லி போன்றோரின் முயற்சியால், கொய்னாவை அரசே விற்க 1900இல் சட்டம் வந்தது. மருந்துக்கடையே இல்லாத சிற்றூரிலும் உப்புக்கடை இருந்ததால், வரி வசூலிக்க விரித்த அதே வலை வழியாக மருந்தும் குறைந்த விலையில் ஏழை உழவரிடம் போய்ச் சேர்ந்தது. அந்தத் தனியுரிமையை முழுக்கக் கொடுமை என்று தள்ளிவிட என்னால் முடியாததற்கு இந்த ஒரு வாசகமே காரணம்.

உப்பின் தனியுரிமை 1970களில் முடிந்துவிட்டது. ஆனாலும் பல கடைகளின் முகப்பில் ‘சாலி’ இன்னும் இருக்கிறது. (அங்கே இன்று பேருந்துச் சீட்டும் வருவாய் முத்திரையும் வாங்கலாம் என்பது பயணிகள் அறிந்ததே.) கறுப்பு அல்லது நீலப் பின்னணியில் வெள்ளை ‘டி’ (T) எழுத்து கொண்ட பலகைதான் இன்றைய அடையாளம்.

பழைய தகடு கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது அரச குடும்பச் சின்னத்தை அல்ல. அது இருந்தால், முடியாட்சி ஒழிந்த 1946க்கு முந்தைய தகடு என்று பெரும்பாலும் ஊகிக்கலாம், அவ்வளவுதான். நான் தேடுவது கடையின் உரிம எண்ணை. அந்த எண் ஊருக்கு ஊர் ஒன்றிலிருந்து தொடங்குவதால், ஊர்ப்பெயர் தெரியாவிட்டால் அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. துருவைச் சுரண்டி மெருகேற்ற அத்தனை மெனக்கெடும் வியாபாரிகள், எந்த ஊர்ச் சுவரிலிருந்து கழற்றியது என்பதைத் தகட்டின் பின்புறம் ஒரு வரி எழுதிவைக்கலாமே.