ஃபாரஸ்டருக்குக் கம்ப்யூட்டர் தெரியாதா?

"ஜே ஃபாரஸ்டர் மேலாண்மைப் பேராசிரியர், கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதவி சரி, முடிவு தப்பு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பள்ளிக்கு அவர் மாறியதே 1956-இல்தான். அதற்கு முன் நெப்ராஸ்காவில் மின்பொறியியல் படித்து, எம்ஐடியில் வேர்ல்விண்ட் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். உடனுக்குடன் பதில் தரும் கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் முன்னோடி. அதிலிருந்த நினைவகக் குழாய்கள் நம்பகமாக இல்லாததால், குட்டிக் காந்த வளையங்களில் தகவலைச் சேமிக்கும் முறையை வடிவமைத்தார். (ஆன் வாங் போன்ற மற்ற ஆய்வாளர்களுக்கும் இதில் பங்குண்டு, அது தனிக்கதை.) 1970-கள் வரை கம்ப்யூட்டர்களில் பரவலாக இருந்தது அந்த வகை நினைவகம்தான். மக்கள்தொகை, வளங்கள், மாசு ஆகியவற்றின் போக்கைக் கம்ப்யூட்டரில் கணித்துப் பார்த்த அவருடைய உலக மாதிரியின் அனுமானங்களைத் தாராளமாக விமர்சியுங்கள், எனக்கும் அதில் கேள்விகள் உண்டு. ஆனால் அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.