தரங்கம்பாடியை அரை மணி நேரத்தில் பார்த்துவிடுகிறவர்களுக்கு

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்தது, பந்தி முடிந்தது, வேனில் இருபது பேர் இருக்கிறார்கள், மணி மூன்றுதான் ஆகிறது. யாராவது ஒருவர் "பக்கத்துல தரங்கம்பாடி இருக்காமே" என்பார். இறங்கி டேனிஷ் கோட்டையில் நாலு படம், கடற்கரையில் ரெண்டு செல்ஃபி, ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம், அரை மணியில் வண்டி கிளம்பிவிடும். ஊருக்குப் போனதும் "அங்க ஒண்ணும் பெருசா இல்லைங்க, ஒரு கோட்டை, அவ்வளவுதான்" என்று நம்மிடமே வந்து சொல்வார்கள். இதைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஊரையே அப்படித்தான் காட்டுகிறோம். சுற்றுலாக் கையேடு, யூடியூப் வீடியோ, பள்ளிச் சுற்றுலா எதுவானாலும் தரங்கம்பாடி என்றால் டேனிஷ்காரன், டேனிஷ்காரன் என்றால் கோட்டை. அவன் கப்பலில் வந்து இறங்குவதற்கு முன்னால் இங்கே வெறும் மணல்தான் கிடந்தது போல ஒரு தோரணை.

நடந்தது என்ன? 1620இல் டென்மார்க்கிலிருந்து ஓவே யெத்தே என்ற கடற்படைத் தளபதி வருகிறார். தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கர் ஆட்சி. பேச்சுவார்த்தை நடக்கிறது, கோட்டை கட்டிக்கொள்ளவும் மிளகு வாங்கி அனுப்பவும் நாயக்கர் அனுமதி தருகிறார். டென்மார்க் ராஜாவுக்கு அவர் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஊரைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. டேனிஷ்காரர்கள் ஆண்டுதோறும் தஞ்சாவூருக்குப் பணம் கட்டியாக வேண்டும். நாயக்கர் ஆட்சி போய் மராத்தியர் வந்த பிறகும் கட்டினார்கள். சுருக்கமாகச் சொன்னால் வாடகைக்குக் குடிவந்தவர்கள். 225 வருஷம் குடியிருந்துவிட்டு, 1845இல் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாடகைக்கு இருந்தவன் வீட்டை விற்ற கதை நம்மூரில் புதுசா என்ன!

கோட்டையைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நல்ல கோட்டை. கீழே கிடங்கு, சிறை, வெடிமருந்து அறை, மேலே அதிகாரிகள் இருந்த பகுதி, கடலைப் பார்த்த மதிலில் பீரங்கிகள். ஆனால் அங்கே நிற்கும்போது ஒரு கதை தெரிந்திருந்தால் அந்தச் சுவர் வேறு மாதிரித் தெரியும். 1640களில் தொடங்கி 1669 வரை, கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு, டென்மார்க்கிலிருந்து இங்கே ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே போர், டேனிஷ் வணிகக் கம்பெனி திவால், இங்கே இருந்தவர்களை எல்லோரும் மறந்தே போனார்கள். ஒவ்வொருவராகச் செத்துப்போக, கடைசியில் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர்தான் மிச்சம். அவர் உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு கோட்டையைக் காப்பாற்றி, தஞ்சாவூர்ப் படை வந்தபோதும் தாக்குப்பிடித்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பியிருக்கிறார். ஆக, அத்தனை வருஷம் டென்மார்க் கொடியைத் தாங்கிப் பிடித்தது நம்ம ஊர் ஆட்கள்தான். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. கோங்ஸ்பாக்கே பெயர் மட்டும் வாயில் நுழையாவிட்டாலும் புத்தகத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் கோட்டையைக் கடைசிக்கு முந்தி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நுழைவாயில் வழியாக நடந்து வாருங்கள். இப்போது நிற்கும் வாயில் 1792இல் திரும்பக் கட்டியது. நெற்றியில் டென்மார்க் அரச முத்திரை, அதற்குக் கீழே டிவிஎஸ் ஃபிஃப்டியில் மீன் கூடை கட்டிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். உள்ளே ராஜா வீதியில் இரண்டு தேவாலயங்கள். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம் ஒன்று, 1718இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னொன்று. சீகன்பால்கு அடுத்த வருஷமே இறந்துபோய் அதற்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார்.

சீகன்பால்கு என்றதும் "இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான்" என்று சொல்லாத ஆளே கிடையாது. தப்பு. கோவாவில் 1556இலேயே அச்சு இயந்திரம் ஓடியது. தமிழ் எழுத்தில் 1578இலேயே கொல்லத்தில் புத்தகம் அச்சாகிவிட்டது. இங்கே நடந்ததைச் சொல்ல அந்தப் பொய்ப் பெருமை தேவையே இல்லை, நிஜக் கதையே அவ்வளவு சுவாரசியம். லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், பணம் கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகளோ கையகலத்துக்கு இருந்தன, அதை வைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சடித்தால் காகிதம் எங்கே போதும்? அதனால் இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். ஈயத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள். காகிதம் பற்றாமல் பக்கத்துப் பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் வைத்தார்கள். எந்த வழிகாட்டியாவது பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் அந்த டப்பா மூடியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரா? சொன்னால் சாகும்வரை மறக்காதே!

இன்னொன்று. 1706இல் வந்து இறங்கிய சீகன்பால்குக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார்? மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு அவரும் உட்கார்ந்து எழுதினார் என்ற கதை வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவர் அவருக்கு உடனிருந்து கற்பித்தார், பிறகு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுத் தஞ்சாவூரில் சிறையும் கிடந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. கடலூர் ஆறுமுகம், ஆரோன் ஆகி, 1733இல் இதே தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார், அந்த மிஷனின் முதல் தமிழ்ப் போதகர். அவருக்கும் சிலையில்லை. சீகன்பால்குவின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதற்காக, டென்மார்க் ராஜாவே அனுப்பிய மிஷனரி என்றும் பாராமல் இதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்துவைக்கப்பட்ட மனுஷன் அவர். ஆனால் ஒரு கையால் எழுப்பியதல்ல அந்த ஓசை.

கடைசியாக மாசிலாமணிநாதர் கோயில். கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். 1306இல் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, அதாவது டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷத்துக்கும் முன்னால். பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கரையில் பாறை கொட்டி வைத்திருக்கிறார்கள், அலை அதில் மோதித் தெறிக்கும். கரையோரம் நடந்து போனால் ஒரு காலத்தில் ஊர் எதுவரை இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியாது. இந்தக் கடல்தான் 2004 டிசம்பர் 26இல் ஊருக்குள் வந்து நூற்றுக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போனது. மீனவர் குடும்பங்கள் பல இன்று கரையைவிட்டுத் தள்ளிக் கட்டிய வீடுகளில் இருக்கின்றன. இந்த ஊரின் வரலாற்றை எழுதினால் அந்தக் குப்பம் முதல் பக்கத்தில் வரவேண்டும். நாம் அவர்கள் வலை காய்வதைப் பின்னணியாக வைத்துப் போட்டோ எடுப்பதோடு சரி.

(நடுவில் ஒன்று. "ஓசோன் அதிகம் உள்ள கடற்கரை, உடம்புக்கு நல்லது" என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது. தரைமட்டத்தில் ஓசோன் அதிகமானால் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதுதான் உண்மை. தயவுசெய்து அதைப் பெருமையாகப் பகிராதீர்கள்.)

சரி, என்ன செய்யலாம்? "பாண்டிச்சேரி மாதிரி ஆக்கணும்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பயம். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரத் தெருவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, வீட்டுக்கு வீடு கஃபே வைத்து, உள்ளூர்க்காரர் காபி குடிக்க முடியாத விலை வைத்தாயிற்று. இங்கே வேறு கதை. ஆங்கிலேயர் கைக்குப் போனதும், 1860களில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் துறைமுக வியாபாரம் படுத்துவிட்டது. வியாபாரம் படுத்ததால்தான் தெருக்கள் இடிபடாமல் பிழைத்தன. தட்டாரத் தெருவில் திண்ணையும் ஓடும் மரத்தூணுமாக இருந்த சாதாரண வீடுகளைப் பழுதுபார்த்து எடுத்திருக்கிறார்களே, ஊரிலேயே எனக்குப் பிடித்த வேலை அதுதான். கவர்னர் பங்களாவைப் புதுப்பிக்க ஆயிரம் பேர் வருவார்கள், தட்டார் வீட்டுத் திண்ணையைப் புதுப்பிக்க யார் வருவார்?

உள்ளூர்ப் பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்து, வாயிலில் தொடங்கிக் கோயிலில் முடிகிற மாதிரி இரண்டு மணி நேர நடைக்கு ஏற்பாடு செய்யலாம். தலைக்கு நூறு ரூபாய் வாங்கட்டும், கொடுப்பார்கள். அப்புறம் மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது தெரியுமா? 1926இல் வந்து 1986இல் நிறுத்தினார்கள், நஷ்டம் என்று. அதைத் திரும்ப விடச்சொல்லி இந்தப் பக்கத்து ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது வந்தால் அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் வேன்காரர் ஹாரன் அடிக்கிறாரே என்று ஓடவேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்ணாடத்துக்காரர், சீர்காழிக்காரர், காரைக்கால்காரர் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், அந்த ரயிலில் போன அனுபவம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால், கேட்டுக் கமெண்டில் எழுதுங்கள்.