கதை சொன்னா போதுமாம்

டீச்சருங்க நடுவுல சுத்துற அந்த வாய்ஸ் நோட்டை இதுக்குள்ள எல்லாரும் கேட்டிருப்பீங்க. "சோஷியலுக்கு எதுக்குங்க உபகரணம், கதை மாதிரி சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே." பின்னாடி சிரிப்புச் சத்தம் வேற. சிரிச்சதுல நம்ம சமூக அறிவியல் டீச்சருங்க குரலும் கேக்குது. அதுதான் வலிக்குது.

சரி, கதையே சொல்றேன். எங்க வகுப்புல தொங்குற இந்தியா மேப்புல தெலங்கானா கிடையாது. 2014ல வந்த மாநிலம். தமிழ்நாடு மேப்புல 32 மாவட்டம்தான். நாங்க இருக்கிறதோ மயிலாடுதுறை, 2020ல வந்த 38வது மாவட்டம். "டீச்சர், நம்ம மாவட்டம் எங்க?"ன்னு கேட்ட பிள்ளைக்கு, நாகப்பட்டினத்துக்கு மேல ஸ்கெட்ச் பேனாவால கோடு போட்டுக் காட்டினேன். கன்னியாகுமரி கிழிஞ்சு, ஒட்டின செல்லோ டேப்பும் மஞ்சளாப் போச்சு.

சயின்ஸுக்கு லேப் கேட்டா யாராவது சிரிப்பாங்களா? புவியியலுக்கு மேப்தாங்க லேப். மேப் இல்லாம புவியியல் நடத்த முடியாது.

"ஸ்மார்ட் போர்டு வந்தாச்சே"ம்பீங்க. வந்தது. கரண்டும் நெட்டும் இருக்கிற அன்னிக்கு நானும்தான் போடுறேன். பெல் அடிச்சா படம் போயிடும். சுவத்துல மேப் இருந்தா, பிரம்மபுத்திரா எங்க திரும்புதுன்னு சாப்பாட்டு நேரத்துலயும் ரெண்டு பேர் நின்னு சண்டை போடுவாங்க. உருண்டை பூமியைத் தட்டையா விரிச்சுக் காட்டுற, திரையில வர்ற மெர்கேட்டர் உலக மேப்புல கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நிஜத்துல ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரிசு. இதை வாயால சொன்னா எந்தப் பிள்ளையும் நம்பாது. குளோபைக் கையில குடுக்கணும். எங்க குளோப் கண்ணாடி பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. பிள்ளைங்க உடைச்சிடுவாங்களாம்!

"அட்லஸ்தான் இலவசமாத் தர்றாங்களே." தர்றாங்க. நல்ல விஷயம். அடுத்த கேள்வி.

"திறமை இருந்தா வெறுங்கையே போதும்." இதுதான் சுடுது. சோழர் காலத்து ஊர்த் தேர்தலான குடவோலை முறையை நடத்த வீட்டுக் குடத்தைத் தூக்கிட்டுப் போய், பனையோலை நறுக்கி, பேர் எழுதிப் போட்டு, சின்னப் பிள்ளையை விட்டு எடுக்க வச்சேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுல, பராந்தக சோழன் காலத்துல, கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் பொறுப்புக்கு வர முடியாதுன்னு இருக்குன்னு சொன்னேன். "இப்பவும் அந்த ரூல் இருக்கா டீச்சர்?"னு கடைசி பெஞ்சுலேருந்து ஒரு குரல். கிளாஸே சிரிச்சுது. அந்தக் கேள்வி வெறுங்கையால வந்ததில்ல.

ஓலைக்கு யார் காசு? என் காசு. "சம்பளம் வாங்குறீங்கல்ல"ன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். வாங்குறேன் சார். கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆசிட்டைத் தன் சம்பளத்துலயா வாங்குறார்?

உண்மையில இது மேப் பிரச்சினை மட்டும் இல்ல. பரீட்சை நெருங்கினா முதல்ல பறிபோறது எங்க பீரியடு. "கணக்குல வீக்கா இருக்காங்க, நீங்க அப்புறம் கதை சொல்லிக்கலாம்." பிள்ளைங்க முன்னாடியே சொல்வாங்க. அப்புறம் அந்தப் பிள்ளை எப்படி என் பாடத்தை மதிக்கும்? பத்தாவது ரிசல்ட் வந்ததும் மட்டும், மேப்புல ஏன் மார்க்கை விட்டாங்கன்னு என்கிட்டதான் விளக்கம் கேட்பாங்க. என்னன்னு எழுதிக் குடுக்க? தெலங்கானா இல்லாத இந்தியாவுல குறிச்சுப் பழகின பிள்ளைங்கன்னா?