கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய்: ஆன்லைனில் போட்டால் கட்டுமா?

"ஆன்லைனில் போட்டுவிடு, இடையில் வியாபாரி கிடையாது, முழு விலையும் உனக்கே" என்று ராமநாதபுரம் கரையில் சாயல்குடியிலிருந்து மண்டபம் வரை எல்லா மகளிர் குழுக் கூட்டத்திலும் இப்போது யாராவது சொல்லிவிட்டுப் போகிறார்கள். வியாபாரி இல்லை என்பது தவறு. அமேசான், ஃபிளிப்கார்ட் எல்லாமே கமிஷன் கடைதான். கரையில் ஏலக்காரர் முன்பணம் கொடுத்து மீனைக் கட்டிப்போடுவார். ஆன்லைன் தளக்காரர்கள் முன்பணம் தரமாட்டார்கள், பொருள் போய்ச் சேர்ந்து சில நாள் கழித்துத்தான் காசு தருவார்கள். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் கரைச் சரக்கில் எது பார்சலுக்குத் தோதுப்படும், எது படாது என்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்கிறேன்.

முதலில் எடைக் கணக்கு. நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான். கூரியர்காரர் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார். அந்த எடை, தராசு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 450 கிராம் ஓலைப்பெட்டியை 30 × 30 × 20 அட்டைப்பெட்டியில் போட்டால் கணக்கில் அது 3.6 கிலோ! காற்றுக்குக் கூலி கொடுக்கிறோம். அதனால் ஓலைப்பெட்டியை ஒற்றையாக விற்காதீர்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று, ஐந்து அளவுகளை ஒரே செட்டாகப் போடுங்கள். அதே அட்டைப்பெட்டி, அதே கூலி, விலை மட்டும் மூன்று மடங்கு கிடைக்கும். படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். "நினைத்ததை விடச் சின்னது" என்று திரும்பி வருவது ஓலைச் சாமானில் சகஜம்.

முண்டு மிளகாய்க்கும் இதே சிக்கல். உருண்டைக் காய், உள்ளே வெற்றிடம், ஒரு கிலோவே பெரிய பெட்டி கேட்கும். அமுக்கினால் உடைந்து விதை கொட்டும். கால் கிலோவாகப் போடலாம், அல்லது தூளாக்கலாம். தூளில் இடப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஆனால் கலப்படமா என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வரும். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையை யார் வேண்டுமானாலும் பையில் அச்சடிக்க முடியாது, அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிய வேண்டும்.

இன்னொரு கணக்கு: கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோ அரைக்கிலோவாக ஏறும். அரைக்கிலோ கருப்பட்டியைப் பையும் அட்டையும் டேப்பும் சுற்றினால் 570 கிராம் வரும். ஒரு கிலோக் கூலி போட்டுவிடுவார்கள். 400 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் முதல் படியிலேயே நிற்கும். எடையைப் பையில் தெளிவாக அச்சிட்டால் போதும்.

இப்போது காசு. கருப்பட்டி கிலோ ரூ.450-க்குப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தளம் எடுக்கும் கழிவு (கமிஷன்), நிலையான கட்டணம், அனுப்பும் கூலி, அந்தக் கட்டணங்கள் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 130 போகட்டும். பேக்கிங் 25. கொள்முதல் 260. மிச்சம் 35. பத்தில் ஒன்பது நல்லபடியாகப் போனால் 315 ரூபாய். பத்தாவது பார்சலை வாசலில் வாங்க மறுத்து, அது மழையில் சுற்றிக் கசிந்து திரும்பினால் சரக்கு 260, பேக்கிங் 25, அதற்குமேல் அனுப்பிய கூலி. ஒன்பது பார்சல் லாபமும் காலி. கேஷ் ஆன் டெலிவரியை அடைக்க முடிந்தால் அடைத்துவிடுங்கள் என்று அடித்துச் சொல்வது இதனால்தான். கழிவு விகிதம் அடிக்கடி மாறும். மீஷோ 2021-இல் கழிவே இல்லை என்று அறிவித்தது, ஆனால் அனுப்பும் கூலியும் ரிட்டர்ன் செலவும் வேறு கணக்கு.

கருப்பட்டிக்கு எதிரி ஈரம். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வேர்க்கும், பிறகு பூஞ்சை படரும். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவதென்றால் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத பையில் ஒட்டி, பிறகுதான் அட்டைக்குள் வைக்க வேண்டும். ஓலைக்கொட்டானில் அழகாக வைத்து அனுப்பும் ஆசை வெயில் காலத்துக்கு மட்டும்.

கருவாட்டுக்கு வருவோம். தேவை நிறைய இருக்கிறது, அதைவிடத் தலைவலியும். வாடை வெளியே வந்தால் பல கூரியர்கள் தொடக்கூட மாட்டார்கள். காற்று உறிஞ்சி ஒட்டும் வேக்கம் பைதான் வழி, ஆனால் காய்ந்த நெத்திலியின் முள்ளும் வாலும் பையைக் குத்திவிடும். ஊசித் துளை கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியும். உள்ளே தடித்த தாள் சுற்று, தடித்த நைலான் கலந்த பை, மேலே இன்னொரு பை. ஒட்டியதும் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் மறுபடி ஒட்டுங்கள். பாதி காய்ந்ததை ஒட்டினால் நமுத்து நாறும். உப்புப் போட்ட கருவாட்டில் சிவப்புப் பூத்தால் அது உப்பளத்து உப்பிலேயே வாழும் நுண்ணுயிர், காயவைத்தாலும் கழுவினாலும் தீராது, அந்த லாட்டை அனுப்பாதீர்கள். மணலில் காயவைத்தது நறநறக்கும், அதற்கு ஒரு நட்சத்திரம்தான் கிடைக்கும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலையில் காயவையுங்கள். ஊர்ச் சந்தையில் மண்ணைத் தட்டிவிட்டு வாங்கிப் போவார்கள், மதுரைக்கு அந்தப் பக்கம் அந்தப் பொறுமை இல்லை.

காகித வேலை. உணவுப் பொருள் எதற்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ உரிமமோ வேண்டும். அதன் 14 இலக்க எண், பொட்டலமிட்ட தேதி, எதற்குள் பயன்படுத்துவது, நிகர எடை, எம்ஆர்பி, முகவரி எல்லாம் பையில் இருக்க வேண்டும். கருவாட்டுக்கு அசைவக் குறியான பழுப்பு முக்கோணம் மறக்காதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத சிறு விற்பனையாளரும் 2023 அக்டோபர் 1 முதல் இந்தத் தளங்களில் விற்கலாம், ஆனால் மாநிலத்துக்குள் மட்டும், அதுவும் ஜிஎஸ்டி தளத்தில் தனியாக ஒரு பதிவு எண் எடுத்துவிட்டு. சென்னை, கோவைக்கு அனுப்பலாம், பெங்களூருக்கு முடியாது. "டெல்லிக்காரன் வாங்குவான்" என்று வகுப்பெடுப்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் இருமுவார்கள்.

சங்கு, சிப்பி அலங்காரச் சாமான் போடுபவர்களுக்குத் தனியாக: பவளம், கடல் குதிரை, கடல் அட்டை, சில சங்கு இனங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் உள்ளன. ராமேஸ்வரம் கடையில் தொங்குகிறதே என்று படமெடுத்துப் போட்டால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும். எந்த இனம் என்று தெரியாவிட்டால் வனத்துறையில் கேட்காமல் தொடவேண்டாம்.

ரிட்டர்ன் மோசடியும் உண்டு. நல்ல கருப்பட்டி போகும், வெல்லக்கட்டி திரும்பி வரும். பொட்டலம் கட்டும்போது தராசில் எடை, பை, ஒட்டிய லேபிள் மூன்றும் ஒரே வெட்டில்லாத வீடியோவில் தெரிய எடுங்கள். திரும்பி வந்ததைப் பிரிக்கும்போதும் அப்படியே. படம் மட்டும் அனுப்பினால் தளத்தில் உங்கள் புகாரைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். தளத்துக்கு வெளியே நேரடியாக வாங்குகிறேன் என்று ஒருவர் கூப்பிட்டு, பணம் வர க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பர் (PIN) போடச் சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கடைசியாக ஸ்டாக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரம் கருவாட்டு விலை ஏறும், ஆனால் கைவசம் சரக்கு இருக்காது. பழைய விலையிலேயே லிஸ்டிங்கை விட்டுவைத்து, ஆர்டர் வந்தபின் ரத்து செய்தால் கணக்கின் மதிப்பெண் விழுந்து, தேடுபவர் கண்ணில் படாமல் கீழே போய்விடுவீர்கள். தடைக்காலம் தொடங்கும்போதே இருப்பை எண்ணி அந்த எண்ணிக்கையை மட்டும் போடுங்கள், தீர்ந்ததும் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள்.